எனக்கு ஒரு இன்பார்ம் இல்லையே!

இவரை உங்களுக்குத் தெரியும். மதுரையில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் குடிபோங்கள். அங்கே குழாயில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, இவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். தெருவில் கல்யாணம் என்றாலும், காதுகுத்து என்றாலும், பக்கத்து வீட்டுக்காரன் புதுக் கேட் மாட்டினாலும், எதிர்வீட்டுப் பையன் பரீட்சையில் பெயிலானாலும், இவர் வாசலில் வந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டி, விஷயத்தை ஆதியோடந்தமாகக் கேட்டு முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு வாசகம் சொல்வார். "அதெல்லாம் சரிதாய்யா. எனக்கு ஒரு இன்பார்ம் இல்லையே!"

இந்த இனத்துக்கு நான் இன்பார்ம்காரர்கள் என்று பெயர் வைத்திருக்கிறேன். வைப்பதற்கு முன்னால் அவர்களுக்கு இன்பார்ம் பண்ணவில்லை. அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

எங்கள் கோச்சடைத் தெருவுக்கு வாய்த்தவர் நல்லகாமன் அண்ணன். ஏதோ ஒரு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். அங்கேதான் இந்த வார்த்தை அவரைப் பிடித்திருக்க வேண்டும். பகல் முழுக்க யாராவது வந்து அவர் மேஜைக்கு முன்னால் நின்று ஏதாவது ஒன்றை இன்பார்ம் பண்ணிக்கொண்டே இருந்திருப்பார்கள். மாலையில் சைக்கிளை மிதித்து வீடு வந்து சேர்ந்தால் ஒருவரும் ஒன்றும் பண்ணுவதில்லை. மனிதர் என்னதான் செய்வார்?

என் வீட்டு மாடியில் ஒரு ரூம் கட்ட ஆரம்பித்தேன். செங்கல் வந்து இறங்கிய அன்று அண்ணன் என் வாசலுக்கு வந்து செங்கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "போன வாரமே சொன்னேனேண்ணே" என்று நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

"சொன்ன. யாரு இல்லன்னா? நான் பால் பாக்கெட்டு வாங்கிட்டு வரையில கேட்டுக்கு அங்கிட்டு நின்னு சொன்ன. அதுக்குப் பேரு காதுல போட்டு வக்கிறது. ஒன் வீட்டம்மா எங்க வீட்டம்மாகிட்டச் சொல்லி விட்டுச்சு. அது தாக்கல். கொத்தனார் வந்து, மணல எங்க கொட்டட்டும்னு கேட்டான். அது தகவல். இதுல எதுப்பா இன்பார்ம்?"

"ஆனா ஒங்களுக்கு விஷயம் தெரியும்லண்ணே?"

"தெரியும். தெரியாதுன்னு நான் சொன்னனா? தெரியுறது வேற, இன்பார்ம் பண்றது வேற."

அன்றுதான் எனக்குக் கண் திறந்தது. நாம் எல்லாவற்றையும் 'சொல்றது' என்ற ஒரே உண்டியலில் போட்டுக்கொண்டிருக்கிறோம். அவரோ ஒவ்வொன்றையும் தனித்தனிப் படியில் உட்கார வைத்திருக்கிறார். சொல்வது என்பது குழந்தைகளுக்கும் கடன்காரர்களுக்கும் உரியது. தெரிவிப்பது ரேடியோ செய்கிற வேலை. அறிவிப்பது, நாளைக்குத் தண்ணீர் வராது என்று தெருத்தெருவாக மைக் கட்டிக்கொண்டு போகும் ஆட்டோவின் வேலை. ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது என்று ஒன்று உண்டு; அது கொஞ்சம் மேலே. எல்லாவற்றுக்கும் உச்சியில், யாருக்கும் எளிதில் எட்டாத இடத்தில், இன்பார்ம் என்கிற அந்த மகா காரியம் இருக்கிறது.

அதை எப்படிப் பண்ணுவது? உங்களுக்கும் உதவும், கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் அவர் வீட்டுக்கு நேரில் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது, ஜோடியாகப் போக வேண்டும். போனதும் விஷயத்தை எடுத்துவிடக் கூடாது. மழை, வெயில், வைகை, அவருடைய முட்டிவலி என்று ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். காபி வரும். காபி பாதி இறங்கும்போது டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, ஒங்களுக்கு ஒரு விஷயம் இன்பார்ம் பண்ணிட்டுப் போவோம்னு வந்தோம்" என்று ஆரம்பிக்க வேண்டும். அவர் உடனே, தெருநாய்க்குக்கூடத் தெரிந்த அந்த விஷயம் தனக்குச் சுத்தமாகத் தெரியாதது போல் புருவத்தைத் தூக்குவார். "அப்படியா! எப்ப?" என்பார். இவ்வளவும் நடந்தால்தான் விஷயம் நடந்ததாகக் கணக்கு.

சரி, இன்பார்ம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் அவர் என்ன செய்வார் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் செய்ய மாட்டார். "சரி. நல்லது. பாத்துச் செய்ங்க" என்பார். அவ்வளவுதான். இந்த நாலு வார்த்தைக்காகவா பட்டுப்புடவை கட்டி, பூ வாங்கி, ஆட்டோ பிடித்து வந்தோம் என்று உங்கள் மனைவி திரும்பி வரும்போது கேட்பார். பதில் சொல்லாதீர்கள்.

இன்பார்ம் பண்ணாவிட்டால் மட்டும் அவருக்குச் செய்ய ஏராளமான வேலை இருக்கும். "மொதல்லயே எனக்கு ஒரு இன்பார்ம் பண்ணியிருந்தா இது இம்புட்டுத் தூரத்துக்கு வந்திருக்குமா?" என்பார். என்ன வந்திருக்காது, அவர் எதைத் தடுத்திருப்பார் என்பது இந்த நிமிடம் வரை எவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாலகணேஷ் ஸ்கூட்டர் வாங்கி வந்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் இதே வாசகத்தைச் சொன்னார். பாலகணேஷ் பயந்துபோய் வண்டியில் ஏதோ கோளாறு என்று கம்பெனிக்கே திருப்பி ஓட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வந்தார்.

மனிதர்களோடு நின்றால் பரவாயில்லை. வைகையில் தண்ணீர் திறந்துவிட்டால், "அணையத் தொறந்துட்டாய்ங்க, ஒரு இன்பார்ம் உண்டா?" சித்திரைத் திருவிழாவுக்கு பஸ்ஸைத் திருப்பிவிட்டால், "அழகர் வாராருன்னா பப்ளிக்குக்கு இன்பார்ம் பண்ண வேணாமா?" அழகர் எத்தனையோ தலைமுறையாக அதே பௌர்ணமிக்கு வந்துகொண்டிருக்கிறார். அதனால் என்ன? ஒரு நாள் மாடியில் காயப்போட்ட வற்றல் நனைந்தபோது வானத்தை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

அவர் பிறருக்கு இன்பார்ம் பண்ணுவாரா? அவர் வீட்டுச் சாக்கடைக்காகத் தெருவைக் குறுக்கே வெட்டிப் போட்டு, ஒரு வாரம் நாங்கள் எல்லாரும் பலகை மேல் நடந்து போனோம். கேட்டதற்கு, "வெட்டிக் கெடக்கது கண்ணுக்குத் தெரியுதுல்ல? பெறகு என்னத்த இன்பார்ம்?" என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். தாமரைச்செல்வி கல்யாணம் அப்படி இல்லை.

தாமரைச்செல்வி, அண்ணனின் மேலூர்த் தங்கை முத்துத்தாயின் ஒரே மகள். அண்ணனுக்குப் பெண் குழந்தை கிடையாது. அந்தப் பிள்ளைக்கு இவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினார்கள். அது வயசுக்கு வந்தபோது இவர் கொண்டுபோன சீர் ஒரு லாரி நிறைய இருந்தது. டீச்சர் டிரெய்னிங் படிக்கையில் மாதா மாதம் ஹாஸ்டலுக்கு அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தவர் இந்த மனிதர்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும். இன்பார்ம் விஷயத்தில் மட்டும் அவர் ஒரு மாதிரியே தவிர, அந்தப் பிள்ளை விஷயத்தில் அவர் தங்கம். அந்தப் பிள்ளையும், "எங்க மாமா மாலை போட்டுக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் நான் மணவறையில உக்காருவேன்" என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. தாய்மாமன் மாலை போடாமல் அவர்கள் வீட்டில் தாலி ஏறியது கிடையாது.

தங்கையும் அவள் புருஷன் விருமாண்டியும் பத்திரிகை வைக்க மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள். முறைப்படி ஜோடியாகத்தான் வந்தார்கள். தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பூ, பழம், ஒன்றிலும் குறையில்லை. அண்ணனும் மழை, வெயில் எல்லாம் சுற்றி முடித்துப் புருவத்தைத் தூக்கத் தயாராகிவிட்டார். அந்த நேரம் பார்த்து முத்துத்தாய், "வெயிலுன்னா வெயிலு. ஆரப்பாளையத்துல எறங்கி கருத்தக்கண்ணன் வீட்டுல தண்ணி குடிச்சிட்டு, அப்பிடியே அவுகளுக்கும் ஒரு பத்திரிகைய வச்சிட்டு வாரோம்ணே" என்று சொல்லிவிட்டாள்.

கருத்தக்கண்ணன் அண்ணனுக்கும் முத்துத்தாய்க்கும் பெரியப்பா மகன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜுக்குக் கீழே பழக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அவர் செய்த ஒரே குற்றம், மேலூரிலிருந்து கோச்சடைக்கு வரும் வழியில் குடியிருப்பது.

தூக்கப் போன புருவம் பாதியிலேயே நின்றது. "அப்ப ஆரப்பாளையத்துல குடுத்தது போக மிச்சத்தத்தான் எனக்குக் கொண்டாந்தீகளா?"

"அண்ணே, போற வழிதானேண்ணே..."

"வழியில எது இருக்கோ அதுக்கு மொத மரியாத. கடைசி ஸ்டாப்புல கெடக்கவனுக்குக் கடைசி. நல்லாருக்கு ஒங்க இன்பார்மு."

விருமாண்டி பாவம், பொறுமைசாலி. மறு வாரம் தனியாகத் திரும்ப வந்தார். முத்துத்தாய்க்குக் காய்ச்சல். ஜோடியாக வராத இன்பார்ம் செல்லாது என்று காபியோடு திருப்பி அனுப்பப்பட்டார். அதற்கடுத்த வாரம் இரண்டு பேரும், வழியில் எங்கும் இறங்காமல், நேராக கோச்சடைக்கு வந்து, புதுத் தாம்பாளத்தில் வைத்து அழைத்தார்கள். அண்ணன் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். ஆனாலும் ஒரு முள் உள்ளே இருந்தது. "கல்யாணத்துக்கு மொத நாளே வந்துரணும் மச்சான்" என்று விருமாண்டி சொன்னதற்கு, "நாங்க காலையில வாரோம். என் வண்டியில வாரேன். யாரும் அழைக்க வர வேணாம்" என்றார். முதல் நாளே போய், வந்தவர்களோடு வந்தவராகப் பாயில் படுத்துக் கிடந்தால் என்ன கெத்து இருக்கிறது? காலையில் மாலையோடும் சீரோடும் வேனில் போய் இறங்கினால் மண்டபமே எழுந்து நிற்குமல்லவா?

கல்யாணம் மேலூர் ரோட்டில், ஊருக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு மண்டபத்தில். மண்டபத்துக்காரர் வீடும் அதே காம்பவுண்டுக்குள்தான். வைகாசி மாதம். கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம், சமையல் பாத்திரம் எல்லாம் இறக்கியாகி, வாழைமரம்கூடக் கட்டியாகிவிட்ட பிறகு, மண்டபத்துக்காரரின் அப்பா, தொண்ணூறைத் தொட்ட மனிதர், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கேதம் விழுந்த வாசலில் தாலி கட்ட முடியுமா? விருமாண்டி அடித்துப் பிடித்து ஓடி, மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஒரு சின்ன மண்டபத்தைப் பிடித்தார். அண்டா, குண்டா, அரிசி மூட்டை, வாழைமரம் எல்லாம் டிராக்டரில் ஏறின.

அந்த நேரத்தில் நான் நல்லகாமன் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். சீர் தட்டுகளைத் துடைத்து வைக்க அண்ணி பஞ்சவர்ணத்துக்கு ஒத்தாசையாக என் மனைவி வந்திருந்தாள். அவளுக்கு ஒத்தாசையாக நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். செல்போன் எல்லாம் இன்னும் சட்டைப்பைக்கு வராத காலம். பின்னல் துணி போர்த்திய அந்தக் கறுப்பு டெலிபோன் அடித்தது. அண்ணன் எடுத்தார்.

"யாரு, தாமரையா? ஏத்தா, கல்யாணப் பொண்ணு போன்ல பேசிக்கிட்டு இருக்கலாமா? ஒங்கப்பன் எங்க? ... என்னது, மண்டபமா? எதுவா இருந்தாலும் பெரியவுக நேர்ல வந்து இன்பார்ம் பண்ணச் சொல்லு. போன்ல கூப்புட்டுச் சொல்றதுக்கு நான் என்ன பந்தல்காரனா?"

வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. எடுத்து, வைத்தார். மூன்றாம் முறை அடிப்பதற்குள் ரிசீவரைக் கழற்றி மேஜை மேல் மல்லாக்கப் போட்டார்.

"யாருங்க? என்ன சொல்லுச்சு புள்ள?" என்று கேட்டபடி அண்ணி உள்ளிருந்து வந்தார்.

"என்னத்தையோ சொல்ல வந்துச்சு. சொல்ல விட்டாத்தானே!"

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த திருப்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் விடியலில் அண்ணன் தானே பூ மார்க்கெட்டுக்குப் போய், பக்கத்திலேயே நின்று, மல்லிகையும் ரோஜாவும் வைத்து இடுப்புக்குக் கீழே தொங்குகிற மாதிரி ஒரு மாலை கட்டி வாங்கிவந்தார். அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. வேனில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். வெயில் படாமல் துண்டால் மூடி, அடிக்கொருதரம் தண்ணீர் தெளித்தார். "சின்னப் புள்ளையில என் தோள்ல உக்காந்துக்கிட்டு என் மீசையப் பிடிச்சு இழுக்கும்ப்பா" என்று என்னிடம் சொன்னார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது.

மண்டபத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே ரோட்டோரம் ஒரு ஆள் நின்று துண்டை ஆட்டினான். விருமாண்டியின் பங்காளி சின்னான். விஷயம் தெரியாமல் பழைய மண்டபத்துக்கு வருகிறவர்களைத் திருப்பிவிட அவனை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாத, ஓட்டு" என்றார் அண்ணன். "மாமன்காரன நடுரோட்டுல துண்ட ஆட்டியா கூப்புடுவாய்ங்க?"

"அண்ணே! மண்டபம்..." என்று சின்னான் வேனோடு ஓடி வந்தான்.

"ஏதோ சொல்றாண்ணே" என்றேன் நான்.

"சொல்லட்டும். சொல்றது வேற, இன்பார்ம் பண்றது வேற."

சின்னான் புழுதியில் சின்னதாகிப் போனான். மண்டபம் வந்தது. வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், நிறைய ஆட்கள். தப்பு மேளம் தூள் கிளப்பிக்கொண்டிருந்தது. வேன் உள்ளே திரும்பியதும் ஒரு சரம் வெடித்தது. "பாத்தீகளா" என்று அண்ணன் மீசையைத் தடவினார். "வெடி போடுறாய்ங்க. இப்பத்தான் புத்தி வந்திருக்கு விருமாண்டி மாப்பிள்ளைக்கு."

பின் சீட்டிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தார். "ஏங்க, எல்லாரும் ஏன் தலையில துண்டப் போட்டு உக்காந்திருக்காக?"

"வெயிலு."

"காலங்காத்தால என்ன வெயிலு? அந்தச் சத்தமும் கொலவை மாதிரி தெரியலையே..."

அண்ணன் அதற்குள் மாலையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அவர் பின்னால் தேங்காய்த் தட்டைத் தூக்கப் போன நான், அண்ணி சொன்னது உறைக்க, தட்டை விட்டுவிட்டு அவரைத் தடுக்கலாம் என்று ஓடினேன். எட்டவில்லை. பந்தலுக்குள் போனதும் ஒருவர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல் இரண்டு கையையும் நீட்டினார். அண்ணன் அந்தக் கையைத் தொட்டார். வரிசையாக எல்லாரும் கையை நீட்டினார்கள். வரிசையாக எல்லாக் கையையும் தொட்டார். கடைசிக் கையைத் தொடும்போதுதான் எதிரே நாற்காலியில், தலையைக் கட்டி உட்கார வைத்திருந்த பெரியவரைப் பார்த்தார்.

மண்டபத்துக்காரர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தழுதழுத்தார். "வாங்கண்ணே. ஒங்களுக்குத் தாக்கல்கூடச் சொல்லி விடல. யாரு, எவருன்னுகூட எனக்குத் தெரியல. இம்புட்டுப் பெரிய மாலையோட வந்திருக்கீக. ஒரு வார்த்த சொல்லாமலே வந்தீக பாருங்க, அதாண்ணே மனுசன்!"

மாலை அண்ணன் கையிலிருந்து போய்விட்டது. யாரோ மரியாதையாக வாங்கினார்கள். யாரோ பெரியவர் கழுத்தில் போட்டார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது. கேத வீட்டில் கொடுத்த மாலையைத் திருப்பிக் கேட்கிற முறை நம் பக்கம் எந்தச் சாதியிலும் இல்லை.

"இங்க நடக்க இருந்த கல்யாணத்தக்கூட மேலூரு பஸ் ஸ்டாண்டு பக்கம் மாத்திக்கிட்டாகண்ணே. நல்ல மனுசங்க" என்றார் மண்டபத்துக்காரர். "ஒரு மொகச்சுளிப்பு இல்ல. அந்தப் பொண்ணுகூட, 'தாத்தாவ நல்லபடியா அனுப்பி வைங்க'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

அண்ணன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நான்தான் கையைப் பிடித்து எழுப்பினேன். "போயிட்டு வாரேன்" என்று அவர் பழக்கத்தில் வாயெடுத்தார், நான் அவர் கையை அமுக்கினேன். கேத வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. எதற்கும் இன்பார்ம் தேவைப்படாத ஒரே இடத்துக்குத்தான் அவர் வந்து சேர்ந்திருந்தார்.

இனி அடுத்த சங்கடம். கேத வீட்டை மிதித்தவன் தலை நனையாமல் கல்யாண வீட்டுக்குள் போகக் கூடாது. நல்லவேளை, அண்ணி வேனைவிட்டு இறங்கவில்லை, சீர் தப்பித்தது. அண்ணனும் நானும் மட்டும் குளிக்க வேண்டும். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விடாத மாதம். வரப்பில் ஓடிப்போய் ஒரு பம்ப்செட்டைப் பிடித்தோம். தோட்டக்காரர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். "கரண்டு இல்லையேண்ணே."

"எப்ப வரும்?"

"அத யாரு சொன்னா?"

எந்த நாளாக இருந்தாலும் இதற்கு அண்ணன் ஒரு பிரசங்கம் செய்திருப்பார். அன்றோ, பட்டு வேட்டி, பட்டுத் துண்டோடு வறண்ட தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் மேலூர் ரோடு தெரிந்தது. முகூர்த்த நேரம் எங்கள் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. "புள்ள மேடையேற மாட்டேன்னு நிக்கும்ப்பா" என்றார் ஒரு தரம். "நான் வராம அது ஏறாது." அவர் பெருமைக்குச் சொல்லவில்லை. பயந்து சொன்னார்.

கரண்டு வந்தது. குளித்தோம் என்று சொல்ல முடியாது, நனைந்தோம். சொட்டச் சொட்ட வேனில் ஏறி மேலூர் மண்டபத்துக்கு வந்து இறங்கியபோது, முதல் பந்தி சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே நடந்ததை விருமாண்டி பிற்பாடு சொன்னார். தாமரைச்செல்வி நின்றிருக்கிறாள். மணவறைக்கு ஓரமாக, கழுத்தில் மாலை இல்லாமல், வாசலைப் பார்த்தபடி. முகூர்த்தம் முடியப் போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்திருக்கிறார்கள். ஐயர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். கடைசி நேரத்தில் முத்துத்தாய் அழுதுகொண்டே போய், மாமன் முறைக்கு யார் இருக்கிறார்கள் என்று பந்தலில் தேடி, ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். அவர்தான் மாலை போட்டு, கைபிடித்து, அந்தப் பிள்ளையை மேடைக்குக் கூட்டிப் போனவர்.

ஆரப்பாளையம் கருத்தக்கண்ணன்.

ஈர வேட்டியோடு வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்ததும் மண்டபமே எழுந்து நின்றது. அவர் நினைத்தபடியே நடந்தது பாருங்கள். எல்லாரும் அந்த வாசகத்துக்காகக் காத்திருந்தோம். அண்ணனும் தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒரு..."

தாமரைச்செல்வி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கழுத்தில் இன்னொருவர் போட்ட மாலை. கோபமெல்லாம் இல்லை, அழுது அழுது அதெல்லாம் தீர்ந்து போயிருந்தது.

"மாமா, அப்பாவும் சின்னான் சித்தப்பாவும் அண்டாவ ஏத்திக்கிட்டு இருந்தாக. அம்மா மயக்கமாக் கெடந்துச்சு. 'மாமாவுக்கு நான் சொல்லிக்கிறேன், நான் சொன்னா அவுக கேப்பாக'ன்னு நான்தான் மாமா போன் பண்ணேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு தன் முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். நல்லகாமன் அண்ணன் அந்த வாசகத்தை முடிக்கவில்லை. அதற்கப்புறம் இன்றுவரை நான் அதை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. இப்போதெல்லாம் போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறார். ராங் நம்பர் வந்தால்கூட "சொல்லுங்க, சொல்லுங்க" என்று முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார்.

ஆகவே அவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. உங்களைப் பற்றித்தான். போன முகூர்த்தத்தில் உங்கள் வீட்டுக்கு ஒரு பத்திரிகை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் பிரிப்பதற்கு முன்னால், "மொதல்ல யாரு வீட்டுக்குக் குடுத்துட்டு வாரீக?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்களே, அது யார்? கொடுத்தவர்கள் போனதும் கவரைத் திருப்பி, உங்கள் பெயருக்குப் பின்னால் 'குடும்பத்தினர்' இருக்கிறதா என்று பார்த்தவர் யார்? மணப்பெண் பெயர் என்ன? சொல்லுங்கள் பார்ப்போம்.

உடனே பதில் வேண்டாம். இது சும்மா உங்கள் காதில் போட்டு வைத்ததுதான். முறையாக இன்பார்ம் பண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஜோடியாக வருகிறோம். எனக்குக் காபியில் சர்க்கரை கம்மி.